பழைய காரில் பழைய கேரவனை இழுத்துச் செல்ல: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய காரை வாங்கிப் பராமரிக்கிறவர்களில் சிலருக்கு, அதே காலத்துக் கேரவன் ஒன்றை அதன் பின்னால் பூட்டி ஊர் ஊராகச் செல்ல வேண்டும் என்ற ஆசை வருகிறது. இங்கே கேரவன் என்று நான் சொல்வது தானாக ஓடும் வேனை அல்ல. எஞ்சின் இல்லாமல், காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை. எனக்கும் அந்த ஆசை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தனியாக ஓடும்போது குறையே சொல்ல முடியாத கார், பின்னால் 800 கிலோ சேர்ந்ததும் வேறொரு காராக நடந்துகொள்கிறது என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கற்ற முதன்மையான பாடம். பழைய எஞ்சின்கள் பெரும்பாலும் இழுத்துவிடும். நிறுத்துவதும் சூட்டை அடக்குவதும்தான் கடினம். ஆகவே கீழ்க்காணும் படிகளில் பிரேக்குக்கும் குளிர்விப்புக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எடையைக் கணக்கிடுங்கள்

கேரவனை விலை பேசுவதற்கு முன்பே காரின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாமான்கள் ஏற்றிய நிலையில் கேரவனின் எடை, காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது புதியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. கார் 1,100 கிலோ என்றால் கேரவன் 935 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பழைய காராக இருந்தால் அதிலும் குறைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கார் நிறுவனம் கையேட்டில் இதைவிடக் குறைந்த வரம்பைக் குறிப்பிட்டிருந்தால், அதுவே இறுதியானது. மலைப்பாதையில் செல்ல எண்ணுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 விழுக்காடு வலுவை இழக்கும்.

அடுத்து மூக்கு எடையைப் பார்க்க வேண்டும். கேரவனின் முன் முனை, காரின் பின்புறம் இழுவைக்காகப் பூட்டும் இரும்புச் சட்டமான டோ பார் மீது கீழ்நோக்கி அழுத்தும் எடையையே அவ்வாறு சொல்கிறோம். ஐரோப்பிய வகைக் கேரவன்களுக்கு இது மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருக்க வேண்டும். அதாவது 800 கிலோ கேரவனுக்கு 40 முதல் 56 கிலோ. அமெரிக்க வகைக் கேரவன்களுக்கு 10 முதல் 15 விழுக்காடு வரை சொல்வார்கள். இதை அளக்க உடல் எடை பார்க்கும் சாதாரணத் தராசே போதும். சமதளத்தில் கேரவனை நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். தராசின் மீது கெட்டியான மரத்துண்டு ஒன்றை நிறுத்தி, இணைப்புத் தலை (கேரவனின் முன் முனையில், டோ பாரின் பந்தைக் கவ்வும் பகுதி) அதன்மேல் அமரும்படி, முனையைத் தாங்கும் சிறிய முன்சக்கரத்தை மெல்ல மேலே தூக்குங்கள். காரில் பூட்டும்போது இணைப்புத் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இப்போதும் இருக்க வேண்டும்; அதற்கேற்ப மரத்துண்டின் நீளத்தை அறுத்துக்கொள்ளுங்கள். எடை குறைவாகக் காட்டினால், கனமான பொருள்களைப் பின்பக்கத்திலிருந்து அச்சுக்கு அருகே கொண்டுவாருங்கள். மூக்கு எடை குறைந்த கேரவன் வேகத்தில் வாலை ஆட்டத் தொடங்கும்; அந்த ஆட்டம் காரையும் சேர்த்துப் புரட்டக்கூடியது.

படி 2: டோ பாரையும் அது பிடித்திருக்கும் இரும்பையும் சோதியுங்கள்

டோ பார் எவ்வளவு புதியதாக இருந்தாலும், அதைப் பூட்டிய சேஸிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், துருப்பிடித்திருந்தால் பயனில்லை. காரின் பின்பகுதிக்கு அடியில் படுத்து, போல்ட் செல்லும் இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை அழுத்திப் பாருங்கள். பழைய லேண்ட் ரோவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மேல்உடல் அலுமினியத் தகடு என்பதால் வெளியே துருவே தெரியாது; ஆனால் சேஸிஸ் எஃகால் ஆனது, அதிலும் டோ பார் பூட்டப்படும் பின் குறுக்குச் சட்டமே பெரும்பாலும் முதலில் அரிக்கும்.

டோ பாரின் முனையில் உள்ள இரும்புப் பந்தின் அளவையும் அளந்து பாருங்கள். ஐரோப்பாவில் பரவலாக உள்ள பந்து 50 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் கேரவன்கள் பலவற்றின் இணைப்புத் தலை 2 அங்குலப் பந்துக்கானது, அதாவது 50.8 மி.மீ. வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் 50 மி.மீ. பந்தின் மீது 2 அங்குலத் தலையைப் பூட்டினால், குழியில் குலுங்கும்போது அது கழன்று மேலே எழக்கூடும். தலையின் மேல் பொறித்திருக்கும் அளவைத் துடைத்துப் படியுங்கள். பந்தை வெர்னியர் அளவியால் அளந்து, 50 மி.மீ. பந்து தேய்ந்து 49 மி.மீ.க்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 3: பிரேக்கை முழுமையாகப் பாருங்கள்

வேகம் கூடும்போது பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடி அளவில் கூடுகிறது. மணிக்கு 60 கி.மீ.லிருந்து 80க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆற்றலோ ஏறக்குறைய 78 விழுக்காடு கூடிவிடுகிறது. அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறி, பழைய காரின் சிறிய டிரம்களுக்குள், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளைகளுக்குள் செல்கிறது. டிரம் சூடேறி விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கும் பிடிப்பை இழக்கும்.

இறக்கத்தில் இரண்டு வகையாகப் பிரேக் கைவிடும், இரண்டையும் காலால் பிரித்தறியப் பழக வேண்டும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி வேகம் குறையாவிட்டால் லைனிங் சூடேறிவிட்டது என்று பொருள். பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரைக்குப் போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி உண்டாகிவிட்டது என்று பொருள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிதான். ஆகவே கார் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை நீண்ட இறக்கத்துக்குப் பின் வண்டியை நிறுத்தியபோது, முன் இடது சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. பட்டறையில் வீல் சிலிண்டரை இருமுறை மாற்றியும் குறை தீரவில்லை. இறுதியில் நானே சக்கரத்தைக் கழற்றி, பெடலை மிதித்து விட்டபின் கையால் சுற்றிப் பார்த்தேன், சுற்றவில்லை. ஆயில் வெளியேற்றும் திருகைச் சற்றே தளர்த்தியதும் ஒரு சொட்டுப் பீறிட்டு, சக்கரம் உடனே விடுபட்டது. ஹோஸ் வெளியே பளபளப்பாகவே இருந்தது; உள்ளே ரப்பர் வீங்கி, ஆயிலை உள்ளே விட்டுத் திரும்பி வரவிடாமல் அடைத்திருந்தது. வயது தெரியாத ஹோஸ் எதுவாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

கேரவனுக்கும் தனிப் பிரேக் உண்டு. கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலில் இணைப்புத் தண்டு உள்ளே நகர்ந்து, கம்பி வழியாக கேரவனின் பிரேக்கை இழுக்கும். தண்டு வறண்டிருந்தால் கிரீஸ் செலுத்துங்கள். கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு இணைப்புத் தலையைப் பலமாக உள்ளே தள்ளினால், அது தடையோடு உள்ளே போய் மெதுவாக வெளியே வர வேண்டும். வெடுக்கென்று ஆடினால், அந்த அசைவை மென்மையாக்க உள்ளிருக்கும் டேம்பர் தீர்ந்துவிட்டது. மிகப் பழைய கேரவன்களில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் இதே பிரேக் பிடித்துக்கொள்ளும்; அதைத் தடுக்க இணைப்பின் மேல் சிறிய தாழ் ஒன்று இருக்கும். தாழைப் போட்டு ரிவர்ஸ் எடுத்தபின், முன்னே புறப்படும்முன் அது விடுபட்டிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள்.

படி 4: குளிர்விப்பைச் சரிசெய்யுங்கள்

முதலில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி, அதன் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 82 என்று இருந்தால் 82 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். பாத்திரத்தில் நீரூற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சேர்த்துச் சூடாக்குங்கள். அந்த எண்ணை ஒட்டி வால்வு மெல்லத் திறந்தால் நல்லது; கொதித்தும் பாதிதான் திறந்தால் புதியது வாங்குங்கள். சூட்டைக் குறைப்பதற்காக அதை அடியோடு எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அந்த அறிவுரையை ஏற்காதீர்கள்.

ரேடியேட்டரைச் சோதிக்க எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்திவிட்டு, முன்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். நடுநடுவே குளிர்ந்த திட்டுகள் தென்பட்டால் அந்தக் குழாய்கள் அடைபட்டுவிட்டன. ரேடியேட்டர் மூடியும் முக்கியமானது: உள்ளே அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும், ஆகவே ரப்பர் தேய்ந்த மூடி அந்தப் பாதுகாப்பைப் பறித்துவிடும். சூடான எஞ்சினில் அதை ஒருபோதும் திறக்காதீர்கள்.

ஏற்றத்தில் முன்கூட்டியே கீழ் கியருக்கு மாறுங்கள். பல பழைய கார்களில் வாட்டர் பம்பும் விசிறியும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகின்றன. உயர் கியரில் எஞ்சினைத் திணறவிட்டால் சூடு கூடும் அதே நேரத்தில் குளிர்விப்பும் குறைகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவதுபோல் எஞ்சினில் ஒலி வந்தால், இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி எழும் நேரத்தை, சற்றுப் பின்தள்ள வேண்டும். வெப்பம் காட்டும் ஊசி வழக்கத்தைவிட மேலே போனால் ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுங்கள். உள்ளே வியர்த்தாலும் அது இரண்டாவது ரேடியேட்டராக உதவும்.

படி 5: மின்சாரம்

காரின் மின்சாரம் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்றும், பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்றும் முதலில் உறுதிசெய்யுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். கேரவனின் இண்டிகேட்டர் பக்கத்துக்கு ஒரு 21 வாட் பல்பைக் கூட்டுவதால், இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் பழைய பிளாஷரின் வேகம் மாறும். கூடுதல் பளுவைத் தாங்கும் பிளாஷரைப் பொருத்துங்கள். எஞ்சினால் சுற்றி மின்சாரம் தரும் பழைய வகை டைனமோ உள்ள காரில் கணக்கு இன்னும் இறுக்கமானது. லூகாஸ் சி40 டைனமோ தருவது அதிகபட்சம் 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். இரவில் முகப்பு விளக்கும் வைப்பரும் கேரவன் விளக்குகளும் சேர்ந்தால் மிச்சம் இராது. கேரவனின் குளிர்பெட்டியைக் காரிலிருந்து ஓட்ட நினைக்காதீர்கள்.

படி 6: டயரும் பேரிங்கும்

டயரின் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு எண்கள் அதன் பிறப்பைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கேரவன் டயர் தேயாமலே முதுமையடையும். ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள், கோடுகள் ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். சக்கரம் சுழலும் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, புதுக் கிரீஸை உருளைகளுக்கிடையே உள்ளங்கையால் அழுத்தி நிரப்பி, நட்டின் பிளவு ஊசியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

படி 7: முதல் ஓட்டம்

முதல் பயணத்தை 20 கி.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேரவன் உங்கள் காரைவிட அகலமென்றால் நீட்டிப்புக் கண்ணாடிகள் கட்டாயம் வேண்டும். பத்து கி.மீ. கடந்ததும், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெல்ல நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பின் (சக்கரத்தின் மையப் பகுதி) அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று சூட்டை ஒப்பிடுங்கள். மற்றச் சக்கரங்கள் இளஞ்சூடாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், பேரிங் இறுக்கமாக இருக்கிறது அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேரவன் வாலாட்டத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். பிரேக்கை மிதித்தோ எதிர்ப்பக்கம் திருப்பியோ அதை அடக்க முயலாதீர்கள். இறக்கத்தில், ஏறும்போது பயன்படுத்திய கியரிலேயே இறங்குங்கள்.

ஐம்பது கி.மீ. ஆனதும், கழற்றிப் பூட்டிய சக்கரங்களின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வீடு திரும்பியபின் கேரவனைப் பல வாரம் நிறுத்திவைப்பதாக இருந்தால், கைப்பிரேக்கைப் போட்டபடி விடாதீர்கள். ஷூக்கள் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, அதன்பின் கைப்பிரேக்கை விடுவித்துவிடுங்கள்.