துலாம்பெனில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலைப் பார்ப்பது எப்படி?

மூழ்கிய கப்பலை ஸ்கூபா முக்குளிப்பில் முதன்முறையாகப் பார்க்க விரும்புவோருக்குப் பாலித் தீவின் வடகிழக்குக் கரையிலுள்ள துலாம்பென் பொருத்தமான இடம். இதற்குப் படகு தேவையில்லை. கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே கப்பல் கண்ணில் படும். 1918இல் கட்டப்பட்ட லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை 1942 ஜனவரியில் பாலிக்கு அடுத்துள்ள லொம்போக் தீவின் அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லும் வழியில் நீர் அதிகமாகப் புகுந்ததால் துலாம்பென் கரையில் தரைதட்ட வைத்தார்கள். அங்கேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த கப்பலை, 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வுகள் கடலுக்குள் தள்ளின. ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் கரிய மணற்சரிவில் சாய்ந்து கிடக்கிறது. அதன் மேற்பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்திலும், அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன.

முக்குளிப்புச் சான்றிதழ் இல்லாதவர்களைப் பயிற்சியாளர் 12 மீட்டர் வரை அழைத்துச் செல்லலாம் என்பதால், அவர்களும் கப்பலின் மேற்பகுதியைப் பார்க்க முடியும். ஓப்பன் வாட்டர் எனும் அடிப்படைச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு 18 மீட்டரும், அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழ் உள்ளவர்களுக்கு 30 மீட்டரும் எல்லை. சளி, காதடைப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு ஆகியவற்றில் எதையும் மருத்துவப் படிவத்தில் மறைக்கக் கூடாது. சளி பிடித்திருந்தால் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது. அன்றைய முக்குளிப்பைக் கைவிடுவதே சரி.

தென்பாலி விடுதிகளிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்கள் காலை ஒன்பது மணிக்குமேல் குவிந்துவிடுவதால், முந்தைய இரவே துலாம்பெனில் தங்கி, விடிந்தவுடன் நீரில் இறங்குவது நல்லது. நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவில் இந்தக் கப்பலையே அடைக்கலமாகக் கொண்டு உறங்குகின்றன. ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய அவை, விடியலில் கூட்டமாக வெளியேறும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். எட்டு மணிக்குப் போனால் அந்தக் காட்சி கிடைப்பது அரிது.

கரையிலிருந்து இறங்கும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே மணலுக்குப் பதில் தேங்காய் அளவில் உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. அலை பின்வாங்கும்போது அவை காலடியில் உருளும். கெட்டியான அடியுள்ள காலணி அணிந்து, பிசிடி எனும் மிதவை அங்கியில் காற்றடைத்து, முகக்கண்ணாடியை மாட்டி, சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டரை வாயில் கவ்விக்கொண்டே இறங்குங்கள். அலைகளுக்கு இடையே இடைவெளி பார்த்து நடந்து, இடுப்பளவு நீர் வந்ததும் மிதந்தபடி காலில் நீச்சல் துடுப்புகளை மாட்டிக்கொள்ளலாம். சிலிண்டரைக் கரைவரை சுமப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்: உள்ளூர்ப் பெண்கள் அவற்றைத் தலையில் தூக்கி வந்து தருகிறார்கள். அந்தக் கற்களின்மேல் அவர்கள் நடக்கும் லாகவத்தைப் பார்த்தால் நம் காலணியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும்.

நீருக்குள் முதலில் ஆழமான பகுதிக்குச் சென்று, பிறகு படிப்படியாக மேலேறி வாருங்கள். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல மூன்று மடங்கு என்பதால், சிலிண்டரில் உள்ள காற்றும் மூன்று மடங்கு வேகத்தில் தீரும். 200 பார் அழுத்தத்தில் தொடங்கினால் 100 பார் எட்டியதும் திரும்புவதும், 50 பார் மீதமிருக்கக் கரையேறுவதும் பாதுகாப்பான கணக்கு. கப்பலின் உடல் பல இடங்களில் உடைந்து திறந்திருப்பதால் உள்ளே நுழையும் ஆசை வரும். அதற்கெனத் தனிப் பயிற்சி பெறாதவர்கள் வெளிப்புறத்தோடு நின்றுகொள்வதே முறை. துடுப்பால் ஒருமுறை உதைத்தாலே கலங்கும் வண்டல், வெளிவரும் வழியைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். இரும்பைக் கையால் பற்றவும் வேண்டாம். துருவின் கூர்முனைகளோடு, பவளத்தின் நிறத்திலேயே பதுங்கியிருக்கும் நச்சு முள் மீன்களும் அங்கே உண்டு.

மேலே வரும் வழியில், ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நில்லுங்கள். சரிவில் மணலுக்குள்ளிருந்து தலைநீட்டும் தோட்ட விலாங்குகளைப் பார்க்க அதுவே நல்ல நேரம். ஒருநாளில் பலமுறை முக்குளித்திருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணிநேரம் இடைவெளி விட வேண்டும். விமானத்தை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட மலையை மறந்துவிடுகிறார்கள்: முக்குளித்த அன்றே அகுங் மலையேற்றத்துக்கோ, கிந்தாமணி மேட்டு நிலத்துக்கோ போவதும் உடலில் கரைந்துள்ள நைட்ரஜனைப் பொறுத்தவரை விமானம் ஏறுவதைப் போன்றதுதான். ஆகவே மலைப் பயணத்தை முக்குளிப்புக்கு முந்தைய நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.