உஷாவின் இடது பாதம்

சுவாமிமலையில் பத்து ஆண்டுகளாக மெழுகு வார்ப்பு வேலை: மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவது. நடராசர், பார்வதி என்றால் கை தானாகப் போகும். சென்ற ஆண்டு ஒரு விளையாட்டுப் பயிற்சி மையத்துக்காக, தடை தாண்டும் பி.டி. உஷாவை ஒன்றரை அடியில் வெண்கலத்தில் கேட்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டவர்; ஒத்துக்கொள்ள அதுவே போதுமாக இருந்தது.

வண்டல் மண் அச்சை உடைத்தபோது, முன்னே நீட்டிய இடது கால் கணுக்காலோடு நின்றிருந்தது. பாதம் இல்லை. உலோகம் குறைந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். தவறு. மெழுகின் எடைக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்ற கணக்கில் சரியாகத்தான் உருக்கியிருந்தேன். ஒல்லியான காலின் நுனியில் அடைபட்ட காற்றுக்குப் போக வழியில்லை. வந்த உலோகமும் பாதி வழியிலேயே உறைந்துவிட்டது. சாமி சிலைகளில் இவ்வளவு தூரம் கால் நீளாததால் எனக்கு உறைக்கவில்லை.

மெழுகு உருவை மறுபடி செய்தேன். கால்விரலிலிருந்து அச்சின் மேற்பரப்பு வரை காற்றுப் போக மெல்லிய மெழுகுக் கம்பி ஒன்று, முழங்காலுக்கு உலோகம் ஊற்றத் தனி வழி ஒன்று. அச்சை வறட்டியில் நன்றாகச் சூடேற்றி, ஆறவிடாமல் ஊற்றினேன்.

இந்த முறை பாதம் வந்தது. கட்டைவிரலில் சிறு பொத்தல். அதை அரம் போட்டே மறைத்தேன்.