பாகுமான் பார்த்துக்கொண்டே முதல் மங்காவை முடிப்பது எப்படி

இரண்டு பையன்கள் மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், வரைந்து முன்னேறும் கதையைச் சொல்லும் பாகுமான் அனிமே தொடரைப் பார்த்துவிட்டு நாமும் மங்கா வரையலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஜி பென் என்கிற மை தொட்டு வரையும் பேனா வாங்குவது. அப்புறம் நாயகன் முகத்தை விதவிதமாக வரைவார்கள், அட்டைப்படம் போடுவார்கள், நாலாவது பக்கம் வந்ததும் கதை எங்கே போகிறது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். தொடர் காட்டும் வரிசை வேறு. அதன் நாயகர்களான, வரையும் மஷிரோவும் எழுதும் தகாகியும் மூன்று சீசன் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் 'நேம்' என்கிற ஒன்றோடுதான். அந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டால் 16 பக்கத்தில் ஒரு முழுக்கதை முடித்துவிடலாம், வரையத் தெரிந்த ஒருவரும் கதை சொல்லத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் இன்னும் எளிது.

நேம் என்பது பென்சிலில் கிறுக்கி வைக்கும் முன்வரைவு. எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம், யார் எங்கே நிற்கிறார், என்ன பேசுகிறார் என்பது மட்டும் அதில் இருக்கும். முகத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவு போதும். ஜப்பானிய வாரப் பத்திரிகைகளில் எடிட்டர் உட்கார்ந்து படித்துத் திருத்தச் சொல்வது இதைத்தான், எந்தக் கதைக்குத் தொடராக இடம் தரலாம் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் கைமாறுவதும் இதுதான்.

முதலில் தொடரை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டுடியோ எடுத்த இந்த அனிமே 2010 அக்டோபரில் தொடங்கி 2013 மார்ச் வரை, சீசனுக்கு 25 வீதம் 75 எபிசோடுகளாக ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் கல்வி சேனலில் வந்தது. மூலக்கதை ஷோனென் ஜம்ப் வார இதழில் 2008 முதல் 2012 வரை ஓடியது, எழுதியவர் சுகுமி ஓபா, வரைந்தவர் தகேஷி ஒபாதா, அதாவது டெத் நோட் மங்காவைத் தந்த அதே ஜோடி. அனிமேயில் பத்திரிகையின் பெயரை ஜாக் என்றும் ஷுயெய்ஷா பதிப்பகத்தை யுயெய்ஷா என்றும் மாற்றியிருப்பார்கள், மற்றபடி நடைமுறை அந்த அலுவலகத்தின் நடைமுறைதான்.

ஒரு தடவை ஆசை தீரப் பாருங்கள். அப்புறம் முதல் சீசனை மட்டும் நோட்டோடு திரும்பப் பாருங்கள். மஷிரோவும் தகாகியும் ஒரு கதையை எடிட்டர் ஹத்தோரியிடம் நீட்டும் இடம் வரும்போதெல்லாம், அவர் வாய் திறப்பதற்கு முன்னால் வீடியோவை நிறுத்திவிட்டு, நீங்கள் எடிட்டராக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள், அதன் பிறகு ஓடவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பு வயதுப் பையன்களாக முதல் கதையை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் குறையாகச் சொல்வது, இது மங்காவைவிட நாவல் மாதிரி இருக்கிறது, விளக்கும் வசனம் அதிகம் என்பது. புதிதாகக் கதை எழுதுகிற யாருக்கும் பொருந்துகிற குறை அது. நீங்கள் எழுதிய இரண்டு வரியும் அவர் சொல்வதும் நெருங்கி வர ஆரம்பித்தால் உங்களுக்குக் கண் பழகிவிட்டது என்று அர்த்தம்.

மங்கா புத்தகமாகக் கிடைத்தால் ஒரு தொகுதியாவது வாங்குங்கள். ஆங்கிலத்தில் விஸ் மீடியா 20 தொகுதிகளையும் வெளியிட்டிருக்கிறது. அத்தியாயங்களுக்கு நடுவே ஓபா போட்ட நேம், அதைப் பார்த்து ஒபாதா போட்ட நேம், அச்சான பக்கம் என மூன்றையும் ஒப்பிட்டுக் காட்டியிருப்பார்கள். அனிமேயில் இது கிடைக்காது. ஓபாவின் கோடுகள் மிக எளியவை. அந்த எளிய கோடுகளிலேயே காட்சி எங்கே பெரிதாக வேண்டும், எங்கே சுருங்க வேண்டும் என்பது தீர்மானமாகியிருக்கும், ஒபாதா சில இடங்களில் கோணத்தை மாற்றி அதையே தூக்கி நிறுத்தியிருப்பார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடையாது.

சரி, இனி உங்கள் கதை. 16 பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு ஆள், அவருக்கு ஒரு தேவை, அது கிடைக்காமல் தடுக்கும் ஒன்று, இதை மூன்று வரியில் எழுத முடியாவிட்டால் 16 பக்கத்தில் அடங்காது. உலகத்தையே உருவாக்கி வரைபடம், வரலாறு, குலப்பெயர் எல்லாம் எழுதி வைத்திருந்தால் பத்திரமாக வையுங்கள், முதல் கதைக்கு அது வேண்டாம்.

ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக மடித்தால் எதிரெதிரே இரண்டு பக்கம் கிடைக்கும், நேம் போட அதுவே சரியான தாள். எப்போதும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே யோசியுங்கள், ஏனென்றால் வாசகரின் கண்ணில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். பக்கத்தைத் திருப்பும் இடத்துக்கு முந்தைய கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி நிற்க வேண்டும்: கதவு திறக்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள், முகம் மாறுகிறது. பதில் அடுத்த பக்கத்தில். ஜப்பானில் வலமிருந்து இடமாகப் படிப்பதால் அந்தக் கட்டம் இடப்பக்கத்தின் கீழ் மூலையில் வரும், தமிழில் வரைந்தால் வலப்பக்கத்தின் கீழ் மூலை. ஜப்பானியப் பக்கத்தைப் பார்த்து அமைப்பை அப்படியே எடுத்தால் இது தலைகீழாகிவிடும், கவனம்.

இன்னொன்று, வசன பலூன். ஜப்பானிய எழுத்தை மேலிருந்து கீழாக எழுதுவதால் பலூன்கள் ஒடுங்கி உயரமாக இருக்கும். தமிழில் 'சொல்லிக்கொண்டிருந்தான்' என்று ஒரு சொல் வந்தாலே அந்தப் பலூன் கிழிந்துவிடும். நேம் போடும்போதே வசனத்தைக் கையால் முழுதாக எழுதி, அதைச் சுற்றி அகலமான பலூன் போட்டு, மிச்ச இடத்தில் ஆளை வையுங்கள். படத்தை முடித்துவிட்டு வசனத்தைத் திணித்தால் முகம்தான் மறையும். ஒரு பலூனில் மூன்று நான்கு வரிக்கு மேல் போனால் வசனத்தை வெட்டுங்கள்.

நேம் முடிந்ததும் கதையே தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். எதையும் விளக்காதீர்கள். அவர் எந்தப் பக்கத்திலிருந்து பின்னால் புரட்டிப் பார்க்கிறார், எங்கே வேகமாகத் தள்ளுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஜம்ப் இதழில் வாசகர்கள் அஞ்சலட்டையில் தங்களுக்குப் பிடித்த மூன்று கதைகளைக் குறித்து அனுப்புவார்கள், அந்த எண்ணிக்கை குறைந்தால் தொடர் நிறுத்தப்படும், அனிமேயில் அந்த முடிவு வரும் நாளெல்லாம் இவர்கள் தவிக்கிற தவிப்பை நன்றாகவே காட்டியிருப்பார்கள். உங்களிடம் அஞ்சலட்டை இல்லை, அதனால் இந்த ஒருவர் புரட்டுவதுதான் உங்களுக்கு வாக்கு. அவர் தடுமாறிய பக்கங்களை மறுபடி போடுங்கள், வேறொருவரிடம் கொடுங்கள்.

இருவர் சேர்ந்து செய்தால் நேம் யார் போடுவது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். தகாகி எழுதி நேமும் போட்டுத் தருவார், மஷிரோ அதை வாங்கி மாற்றுவார். மாற்றலாம் என்ற உரிமை வெளிப்படையாக இருந்ததால்தான் அந்த நட்பு பிழைத்தது, ஒரு கட்டத்தில் ஒளித்து வைத்துப் பேசாமல் இருந்தபோது கிட்டத்தட்ட உடைந்தே போனது.

பேனாவுக்கு இப்போது வரலாம். தாளில் வரைவதென்றால் பி4 அளவு, உள்சட்டம் 180 மி.மீ.க்கு 270 மி.மீ., ஆட்களுக்கு ஜி பென், மெல்லிய கோடுகளுக்கு மரு பென் என்கிற நுண்முனைப் பேனா. டிஜிட்டல் என்றால் கிரிட்டா, மெடிபாங் என்ற வரையும் மென்பொருட்கள் இரண்டும் இலவசம். எதிலும் முடிக்கலாம்.

ஒன்றை மட்டும் தொடரிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். மஷிரோவின் மாமா மங்கா வரைந்தே உடல் கெட்டு இறந்தவர், மஷிரோவும் பள்ளியையும் வாரத் தொடரையும் ஒன்றாக இழுத்து மருத்துவமனையில் படுக்கிறான், அங்கேயும் வரைகிறான். தலைமை எடிட்டர் தொடரை நிறுத்தி வைக்கச் சொல்லும்போது கதை அவரைக் கிட்டத்தட்ட எதிரியாக்கிவிடுகிறது. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. வாரத்துக்கு 19 பக்கம் என்பது உதவியாளர்களோடு வேலை செய்கிறவர்களின் கணக்கு. நீங்கள் தனியாக வரைகிறீர்கள், வாரத்துக்கு இரண்டு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தூங்குங்கள்.

முடித்த பிறகு எங்கே அனுப்புவது? ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் 2007 முதல் நடத்தும் சர்வதேச மங்கா விருது இருக்கிறது. கோவாமிக்ஸ் நிறுவனத்தின் சைலண்ட் மங்கா ஆடிஷன் வசனமே இல்லாத கதைகளுக்கானது, தமிழில் யோசிக்கிறவர்களுக்கு மொழித் தடை அங்கே கிடையாது. இரண்டுக்கும் பக்க வரம்பும் படிக்கும் திசையும் அந்தந்த அறிவிப்பில் இருக்கும், நேம் தொடங்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் முடித்த பக்கங்களைத் திசை மாற்றுவது கிட்டத்தட்ட மறுபடி வரைவதற்குச் சமம்.