பழப்புதரில் வைரஸ்தானா? கண்டுபிடிக்கும் வழி

ப்ளூபெர்ரி, ராஸ்பெர்ரி, பிளாக்கரண்ட் புதர்களில் இலை நெளிந்தாலோ பூ கருகினாலோ "வைரஸ்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். எந்த வைரஸ், அதுதான் காரணமா என்று காட்டுவதில்தான் பாடு இருக்கிறது.

படி 1: வைரஸ் அல்லாததைக் கழியுங்கள்

இரும்புச்சத்து குறைந்தால் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். களைக்கொல்லிச் சாரல் பட்டால் கொழுந்து முறுக்கிக்கொள்ளும்; பக்கத்திலுள்ள வேறு செடிகளும் அதே நாட்களில் முறுக்கியிருக்கும். வைரஸ் அப்படி ஒரே நாளில் தோட்டத்தை வளைக்காது. இங்கே ஒரு புதர், அப்புறம் அங்கே ஒன்று என்று நகரும்.

படி 2: இரண்டு முறை போய்ப் பாருங்கள்

ப்ளூபெர்ரி ஸ்கார்ச், ப்ளூபெர்ரி ஷாக் என்று இரண்டு வைரஸ்கள். இரண்டிலும் பூக்கும் சமயத்தில் பூவும் தளிரும் கருகும். அப்போது பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. சில வாரம் கழித்துப் போனால், ஷாக் தாக்கிய புதர் மறுபடி துளிர்த்து, காய் இல்லாமலே பச்சையாக நிற்கும். ஸ்கார்ச்சை அசுவினி பரப்புகிறது. ஷாக் தேனீ சுமக்கும் மகரந்தத்தில் போகிறது. ஷாக்குக்கு அசுவினி மருந்து அடித்து என்ன பயன்?

படி 3: மாதிரி எடுங்கள்

ஒரே புதரிலும் வைரஸ் சமமாகப் பரவியிருக்காது. பல கிளைகளிலிருந்து இளம் இலை பறித்து, பையில் போட்டு, குளிர்ச்சியாக வையுங்கள். நோயில்லாத புதரிலிருந்தும் கட்டாயம் எடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். நல்ல புதரிலும் அதே வைரஸ் இருந்தால் உங்கள் சந்தேகம் ஆட்டம் காணும்.

படி 4: ஆய்வகச் சோதனை

எலைசா, வைரஸின் புரதத்தைத் தேடும். ஆர்டி-பிசிஆர், அதன் மரபுப்பொருளான ஆர்என்ஏவைத் தேடும். பெர்ரி இலைகளில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருட்கள் பிசிஆரைத் தடுத்துவிடக்கூடும். அதனால் "இல்லை" என்று முடிவு வந்தால் உடனே நம்பாதீர்கள். செடியின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே சோதித்தார்களா என்று கேளுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் சோதனையே பலிக்கவில்லை.

படி 5: ஒட்டு கட்டிப் பாருங்கள்

வைரஸ் கிடைத்துவிட்டது, சரி. நோய்க்குக் காரணம் அதுவேதானா? பிளாக்கரண்டில் ரிவர்ஷன் என்றொரு நோய்: இலை உருமாறும், பூ இருக்கும், காய் பிடிக்காது. மொட்டை வீங்கவைக்கும் நுண்சிலந்தி அதைப் பரப்புவது வெகுகாலமாகத் தெரியும். பின்னால் இருந்த வைரஸைப் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது 1997இல்தான். அது நெபோவைரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது; அந்தப் பேரினத்தில் பலவற்றை மண்ணிலுள்ள நூற்புழு பரப்பும். சிலந்தியில் ஏறிப் போகும் ஒன்றை யார் எதிர்பார்ப்பார்கள்?

நோய்ப்புதரின் குச்சியை, வைரஸ் இல்லை என்று சோதித்துத் தேர்ந்த நல்ல செடியில் ஒட்டுங்கள். இன்னொரு நல்ல செடியில் நல்ல குச்சியையே ஒட்டி, இரண்டையும் பூச்சி நுழையாத வலைக்குள் வையுங்கள். முதல் செடியில் மட்டும் அதே அறிகுறியும் அதே வைரஸும் வந்தால் உங்கள் பக்கம் வலுவான சான்று. ஒட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ் சேர்ந்தே கடக்கலாம் என்பதால் மற்ற வைரஸ்களுக்கும் சோதியுங்கள். அறிகுறி தெரிய ஒன்றிரண்டு பருவம்கூட ஆகலாம். அதுவரை அந்தப் புதரிலிருந்து பதியன் போடாதீர்கள், குச்சி வெட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள்.