கோதுமை இல்லாத சமையல்: மாவை ஒட்டவைப்பது எது என்று பாருங்கள்

என் மகளுக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் உடம்புக்கு ஆகாத நோய், என்று உறுதியானதும் நான் முதலில் செய்தது, கோதுமை ரொட்டியை அப்படியே வேறு மாவில் செய்து பார்த்தது. மைதாவுக்குப் பதில் அரிசி மாவு, அவ்வளவுதானே என்று ஒரு மாதம் சுட்டேன். எல்லாமே வெட்டும்போதே உதிர்ந்தது, அவளும் ஒன்றும் சொல்லாமல் உதிர்ந்ததைப் பொறுக்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் வேறு மாதிரி யோசித்தேன். உலகத்தில் எத்தனையோ இடங்களில் கோதுமையே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிறார்களே, அவர்களுடைய மாவு எப்படி ஒட்டுகிறது?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் புரதம். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அது ரப்பர் வலை மாதிரி இழுபட்டு மாவைச் சேர்த்துப் பிடிக்கும், உள்ளே உண்டாகும் காற்றையும் வெளியே விடாது. அந்த வலை இல்லையென்றால் அதன் வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். கொதிக்கும் பால், சுண்ணாம்பு, முட்டை, புளித்த மாவு என்று ஒவ்வொரு நாட்டுச் சமையலும் ஒரு வழி வைத்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் போதும், செய்முறை தானாகக் கைக்கு வந்துவிடும்.

முதலில் பிரேசிலின் பாவ் தி கேஜோ, அதாவது சீஸ் உருண்டை. 250 கிராம் மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள் (கிழங்கைக் காயவைத்து அப்படியே அரைத்த மாவு சரிப்படாது). 125 மில்லி பால், 60 மில்லி எண்ணெய், கொஞ்சம் உப்பு மூன்றையும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதிக்கக் கொதிக்க ஸ்டார்ச்சில் ஊற்றிக் கிளறுங்கள். இந்த இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது: சூடு பட்டதும் ஸ்டார்ச் வீங்கிப் பசையாகிறது, குளூட்டன் செய்யும் வேலையை அந்தப் பசை செய்கிறது. பால் வெதுவெதுப்பாக இருந்தால் மாவு தண்ணீராக ஓடும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும், இல்லாவிட்டால் முட்டை வெந்துவிடும். பிறகு ஒரு முட்டை, 100 கிராம் துருவிய சீஸ் சேர்த்துப் பிசைந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து, 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுடுங்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே இழுவை. ரொட்டியில் அவள் எதற்கு ஏங்கினாளோ அது இதில் கிடைத்தது.

அடுத்தது மெக்சிகோவின் தோர்த்தியா, அதாவது மக்காச்சோள ரொட்டி. சாதாரண மக்காச்சோள மாவை வாங்கிப் பிசைந்து, விரிசல் விடுகிறதே என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். குற்றம் உங்கள் கையில் இல்லை, மாவு வேறு. அங்கே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து, கழுவி, அதன் பிறகுதான் அரைப்பார்கள். தோல் கழன்று, மணி இளகி, மாவுக்குப் பிசுபிசுப்பு வருகிறது. சோளத்தில் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் இதனால்தான் விடுபடுகிறது. ஐரோப்பாவில் சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்தச் சுண்ணாம்பு வேலையை விட்டுவிட்டதால், சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளுக்கு நியாசின் குறைவால் பெலாக்ரா என்ற நோய் வந்தது. ஆக, மாசா ஹரினா என்று பெயர் போட்ட மாவைத்தான் தேட வேண்டும். 240 கிராம் மாவுக்குச் சுமார் 360 மில்லி வெந்நீர். பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள், உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தட்டையாக அழுத்துங்கள், ஓரம் வெடித்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். நன்றாகக் காய்ந்த கல்லில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். எடுத்ததும் துணியில் சுற்றி வைக்க வேண்டும், அந்த ஆவியில்தான் மடங்கும் பதம் வரும்.

பிரான்சின் நீஸ் நகரத்து சோக்கா என்ற கடலை மாவு அடை இன்னும் சுலபம். 120 கிராம் கொண்டைக்கடலை மாவு, 240 மில்லி தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு. கட்டியில்லாமல் கரைத்து இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, 230 டிகிரி அடுப்பில் ஏற்கனவே சூடாகியிருக்கும் இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு ஊற்றுங்கள். ஓரம் கருகத் தொடங்கும்போது எடுத்து மிளகு தூவிச் சாப்பிடலாம்.

எத்தியோப்பியாவின் இஞ்சேரா, தோசை மாதிரியான ரொட்டி, டெஃப் என்ற சிறு தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்துச் செய்வது. வீட்டில் செய்தால் கவலையில்லை, வெளியே சாப்பிட்டால் கேளுங்கள், கோதுமையோ பார்லியோ கலப்பதுண்டு. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பக்வீட் என்ற விதையின் மாவில் கலெட் என்ற மெல்லிய அடை சுடுகிறார்கள். பெயரில் வீட் இருந்தாலும் பக்வீட்டுக்கும் கோதுமைக்கும் சம்பந்தமே இல்லை. ஜப்பானியச் சோபா நூடுல்ஸும் பக்வீட்தான், ஆனால் பெரும்பாலான பாக்கெட்டுகளில் கோதுமையும் சேர்த்திருப்பார்கள்.

கேக் வேண்டுமா? ஸ்பெயினின் தார்த்தா தே சாந்தியாகோவில் தானிய மாவே கிடையாது. 4 முட்டை, 200 கிராம் சர்க்கரை இரண்டையும் நுரைக்க அடித்து, 200 கிராம் பாதாம் பொடி, எலுமிச்சைத் தோல் துருவல் சேர்த்து 175 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம்.

மாவைவிட அதிகம் ஏமாற்றுவது சாஸ். வழக்கமான சோயா சாஸில் கோதுமை இருக்கிறது. தமாரி என்ற ஜப்பானியச் சோயா சாஸ் வகையில் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் லேபிளைப் படித்துவிடுங்கள். சூப் க்யூப், மால்ட் வினிகர் இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள். கூஸ்கூஸ், புல்கர் இரண்டும் கோதுமையேதான், அந்தச் சாலடுகளுக்குக் கினுவா நன்றாகப் பொருந்தும். குழம்பு கெட்டிப்பட மைதா வேண்டாம், 250 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள்.

அப்புறம், வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிடுகிறார்கள் என்றால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பல நாடுகளில் குளூட்டன் இல்லை என்று எழுத அனுமதிக்கும் அளவே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான், அதாவது ஒட்டியிருக்கும் தூசியே அதிகம். சல்லடை, மரக்கரண்டி, டோஸ்டர் மூன்றும் தனியாக இருக்கட்டும். மைதா தோய்த்துப் பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தாதீர்கள். கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரைத்த கடலை மாவும் அரிசி மாவும் ஆபத்துதான். இன்னொன்று, சீலியாக் சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முன்பு கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் முடிவு தப்பாக வரலாம்.

முதல் தடவை என்றால் சோக்காவில் ஆரம்பியுங்கள், கெட்டுப்போக அதில் இடமே இல்லை. சீஸ் உருண்டையைச் சுடாமல் ஃப்ரீசரில் அடுக்கி வைக்கலாம், வேண்டும்போது அப்படியே அடுப்பில் வைத்து ஐந்து நிமிடம் கூட்டிச் சுட்டால் போதும். எங்கள் வீட்டில் அந்த டப்பா இப்போது மகளின் பொறுப்பு, பசித்தால் அவளே ஆறு எடுத்து வைத்துக்கொள்கிறாள்.