செகண்ட் ஹேண்ட் ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறீர்களா? ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு போங்கள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. வத்தல்மலைக்கே இப்போது பஸ் ஏறுகிறது, தார் ரோட்டில் போக மஹிந்திரா தார் ஜீப் எதற்கு? மழைக்குச் சேறாகிற மாந்தோப்பு, அஞ்செட்டிப் பக்கம் காட்டோர நிலம் என்று ஏதாவது இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பொலேரோ, ஸ்கார்பியோ பெரும்பாலும் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள்தான். தாரில்கூட 2023-லிருந்து பின் சக்கர மாடல் வருகிறது. பழைய வண்டி என்றால் கியர் லீவருக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் டிரைவ் போடுகிற குட்டையான இன்னொரு லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். சிலதில் அதற்குப் பதில் டேஷ்போர்டில் திருகுகிற சுவிட்ச் இருக்கும்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். "நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற நீர்) உள்ளே இறங்கலாம். கருப்புப் புகை என்றால் இன்ஜெக்டரையும் டர்போவையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

இனி சாக்கை விரித்து அடியில் படுங்கள், கையில் டார்ச் வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முதலில் வாங்கிய ஜீப்பில் லீவர் இருந்தது, 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கிற நிலை) போட்டால் டக்கென்று விழுந்தது, நானும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்பில் மாங்காய்க் கூடைகளை ஏற்றிக் கிளம்பினால் பின் சக்கரம் இரண்டும் குழி தோண்டுகின்றன, முன் சக்கரம் தேமே என்று நிற்கிறது. குனிந்து பார்த்தால் முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டே இல்லை! மைலேஜ் கிடைக்கும் என்று யாரோ கழற்றி எடைக்குப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் டிராக்டர் வந்துதான் இழுத்தது.

அதனால் முன்பக்க ஷாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கையில் பிடித்துத் திருகிப் பாருங்கள், லொடலொட என்று ஆடினால் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் இருக்கிற இணைப்பு) தேய்ந்திருக்கிறது. விற்பவர் சம்மதித்தால் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் இருக்கிற கியர் உருண்டை) ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சேஸியில் வெல்டிங் தழும்பு, பழைய வண்டியில் அடியில் மட்டும் புதுப் பெயின்ட், இந்த இரண்டில் எது இருந்தாலும் நான் எழுந்து வந்துவிடுவேன். சேஸி நம்பரைத் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் ஓட்டம். 4எச்-சைத் தார் ரோட்டில் போட்டு வளைக்கவே கூடாது. முன்னும் பின்னும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும், ஆனால் வளைவில் முன் சக்கரத்துக்குத் தூரம் அதிகம், ரோடு வழுக்கிக் கொடுக்காது, வண்டி முறுக்கிக்கொள்ளும். ஏதாவது உழுத நிலத்துக்கு ஓட்டிப் போங்கள். சில பழைய வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பையும் கையால் லாக் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் லீவர் போட்டும் பிரயோஜனமில்லை. வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்து 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு போகிற நிலை) போட்டு, முதல் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமல் விடுங்கள். ஆள் நடப்பதைவிட மெதுவாக ஊர்ந்து போக வேண்டும். மேட்டில் ஏறும்போது லீவர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் பெரிய செலவு இருக்கிறது. ரிவர்ஸிலும் பாருங்கள். நான்கு டயரும் ஒரே சைஸா, தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றா என்று பார்க்க மறக்காதீர்கள்.

ராட்சச டயர், கூரையில் லைட் வரிசை, வெட்டி ஒட்டிய பம்பர் எல்லாம் போட்ட வண்டியை நான் தொடவே மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது, எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் இடிக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத, ஃபோர் வீல் டிரைவ் உள்ள வெள்ளை பொலேரோ கேம்பர்தான் என் கணக்கில் நல்ல வண்டி.

பேப்பர் விஷயம். ஓசூர் தாண்டினால் கேஏ நம்பர் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும், சரி, ஆனால் அங்கே என்.ஓ.சி. (படிவம் 28) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும், 12 மாதத்துக்கு மேல் வெளிமாநில நம்பரில் ஓட்ட முடியாது. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். டிஎன் 29, 24, 70 வண்டி என்றால் படிவம் 29, 30 போதும், ஃபைனான்ஸ் இருந்தால் 35-ம் வேண்டும்.

வாங்கிய வாரமே இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி), முன் பின் டிஃபரன்ஷியல் என்று ஐந்து இடத்திலும் ஆயிலை மாற்றிவிடுங்கள், அந்தப் பணத்தைப் பேரம் பேசும்போதே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.