குமரி மலையில் ராத்தங்க ஆசையா? முதலில் இதைப் படியுங்கள்

நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் மலை பக்கத்தில்தான் நிற்கிறது. ஒரு டென்ட்டைத் தூக்கிக்கொண்டு போய் காளிகேசத்துக்கு மேலேயோ முத்துக்குழிவயலிலோ ஒரு ராத்திரி படுத்துவிட்டு வரலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. கூடாது. அந்தப் பக்கத்துக் காடு பெரும்பாலும் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போவதே குற்றம், தீ மூட்டினால் அது தனிக் குற்றம். காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் தெரிந்தவர் இருக்கிறார், அவர் கூட்டிக்கொண்டு போவார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. மாட்டினால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் தொல்லை, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. இப்போது வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு காளிகேசம் - பாலமோர் பாதையில் நடக்கலாம். ஆனால் அது பகல் நடைதான், தங்க முடியாது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதனால் தேதியைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.

சரி, ராத்திரி மலையில்தான் இருக்க வேண்டும் என்றால்? நமக்குக் கிட்டத்தில் இருக்கிற நல்ல வழி, கேரள வனத்துறை நடத்தும் அகஸ்தியர்கூடம் மலைப் பயணம். உயரம் 1868 மீட்டர். வழக்கமாக ஜனவரியில் தொடங்கும் சீசனுக்கு ஆன்லைனில் பதிவு. இடம் வேகமாகத் தீர்ந்துவிடும், அறிவிப்பு வரும்போதே அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். மருத்துவச் சான்றிதழ் போன்ற நிபந்தனைகளை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் திருவனந்தபுரம், அங்கிருந்து விதுரை வழியாக போணக்காடு. முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை, மறுநாள் உச்சி ஏறி இறங்கி மறுபடி முகாம், மூன்றாம் நாள் ஊர். கொட்டகையில் படுக்கை என்பதால் டென்ட் சுமக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக், மது இரண்டுக்கும் இடமில்லை. ராத்திரி நன்றாகக் குளிரும், கம்பளியோ ஸ்லீப்பிங் பேக்கோ கட்டாயம். ஒரு துவர்த்து (துண்டு), டார்ச், அட்டைப்பூச்சிக்கு உப்பு, மழைக்கோட்டு போதும். உச்சிக்குக் கீழே கயிறு பிடித்து ஏறும் பாறை இருக்கிறது, வழவழத்த செருப்போடு வந்துவிடாதீர்கள்.

சொந்த டென்ட்தான் வேண்டும் என்கிறவர்கள் இமயமலைப் பக்கம் போகலாம். அங்கேயும் நினைத்த இடத்தில் அடிக்க முடியாது: உத்தரகாண்டின் மலைப் புல்வெளிகளில் இரவு தங்க அந்த மாநில உயர்நீதிமன்றம் 2018-ல் தடை போட்டது, அதனால் எந்த முகாமில் அனுமதி என்று உள்ளூர் வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், கடல்மட்டத்திலேயே வளர்ந்த உடம்பு நமக்கு. 3000 மீட்டருக்கு மேலே போனால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். தலைவலியோடு வாந்தியும் வந்தால் உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொண்டு, மேலே ஏறாதீர்கள். குறையவில்லை என்றால், ராத்திரியானாலும் துணையோடு கீழே இறங்கிவிடுங்கள்.